முறையிட்ட புனிதை

பங்குக் கோயில்களில் தாய்மாரைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் மோனிக்கம்மாளின் பெயர் வராமல் இருக்காது. மகன் அகுஸ்தினாருக்காக ஆண்டுக்கணக்கில் அழுது மன்றாடியவர். அண்மைக் காலமாக அவரோடு இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டிருக்கிறது: குழந்தை இயேசுவின் தெரேசாவைப் பெற்ற செலி மார்ட்டின். 2015 அக்டோபர் 18 அன்று, ரோமில் குடும்பத்தைப் பற்றிய ஆயர் மாமன்றம் நடந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை பிரான்சிஸ் செலிக்கும் அவர் கணவர் லூயிக்கும் சேர்த்துப் புனிதர் பட்டம் அளித்தார். மறைசாட்சிகளாக இறக்காத ஒரு கணவனும் மனைவியும் ஒரே விழாவில் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. பட்டம் கிடைத்த கையோடு பிரசங்கத்துக்கான சித்திரமும் தயாராகிவிட்டது. ஒன்பது பிள்ளை பெற்று, நான்கைப் பறிகொடுத்து, தானும் புற்றுநோயில் மாண்டு, எதற்கும் ஒரு சொல் முணுமுணுக்காமல் தேவ சித்தம் என்று தலைவணங்கிய தாய். ஆகவே நீங்களும் செபம் பண்ணுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பிரசங்கம் முடியும். இந்தச் சித்திரம் பிழையானது என்பதே என் வாதம். அதற்குச் சாட்சி தேடி வெளியே போக வேண்டியதில்லை. செலி கைப்பட எழுதிய கடிதங்களே போதும்.

1863 முதல் 1877-இல் இறக்கும்வரை அவர் எழுதியவற்றில் இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. லிசியே நகரில் மருந்துக்கடை நடத்திய தம்பி இசிதோர், தம்பி மனைவி, லெ மான் நகரின் கன்னியர் மடத்தில் இருந்த அக்கா, அதே மடத்துப் பள்ளியில் தங்கிப் படித்த மூத்த மகள்கள் மரி, பவுலின் ஆகியோருக்கே அவற்றில் பெரும்பாலானவை. அச்சேறும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவற்றில் பல் முளைக்கும் குழந்தையின் காய்ச்சல் இருக்கிறது. மகள்களுக்குத் தைக்க வேண்டிய கவுன் இருக்கிறது. 1871-இல் பிரஷ்யப் படை ஊருக்குள் புகுந்து, ஒன்பது சிப்பாய்களைத் தன் வீட்டில் கொண்டுவந்து இறக்கிய எரிச்சல் இருக்கிறது. கடவுள் இவற்றுக்கு நடுவில் வருகிறார், அதே வரியில், அதே மூச்சில். செபத்துக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கப்படவில்லை.

தொழிலைச் சொல்லாமல் செலியைச் சொல்ல முடியாது. பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள அலென்சோன் ஊசி லேசுக்குப் பெயர்போன ஊர். 2010-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த கைவினை அது. ஒரு சதுர சென்டிமீட்டர் முடிய ஏழு மணி நேரம் பிடிக்கும். தோல்தாளில் கோலம் வரைந்து, அதன் கோடு நெடுகக் குத்தி, நூலிட்டு, வலை பின்னி, கடைசியில் கல் இறாலின் கொடுக்கால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் கைகள். பெண்கள் தத்தம் வீட்டில் செய்து கொண்டுவரும் துண்டுகளை, ஒட்டுத் தெரியாமல் இணைத்து முழு லேசாக்குவதுதான் செலியின் வேலை. எங்கோ ஒரு இழை அறுந்திருந்தால் அதைச் சரிசெய்வதும் அவரே. திருமணத்துக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1853-இல், சொந்தமாகத் தொடங்கிய தொழில் இது. இதைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் புனிதப் பூச்சே கிடையாது. ஆர்டர் குவிந்தால் அடிமைப் பிழைப்பு, ஆர்டர் நின்றால் முடங்கிய முதலும் வேலை இழக்கும் பெண்களும் என்று இரண்டு பக்கமும் இடிக்கிறது என்கிறார். அலென்சோன் லேசைச் சபிக்கவே சபிக்கிறார். இதை எழுதிய பெண்மணிதான் நாள்தோறும் ஐந்தரை மணிப் பூசைக்கு எழுந்து போனவர் என்பதை மறந்துவிடக் கூடாது. முறையீடும் பூசையும் அவரிடம் ஒன்றையொன்று துரத்தவில்லை.

இளமையில் அவர் ஆசைப்பட்டது குடும்பத்துக்கு அல்ல, மடத்துக்கு. அலென்சோனில் மருத்துவமனை நடத்திய பிறரன்புச் சகோதரிகளிடம் போய்க் கேட்டார், தலைவி மறுத்துவிட்டார். 1858 ஜூலையில் கடிகாரக்காரரான லூயி மார்ட்டினை மணந்த அன்று, அக்காவைப் பார்க்க மடத்துக்குப் போய் அழுது தீர்த்ததைப் பல ஆண்டுகள் கழித்து மகள் பவுலினுக்கு எழுதுகிறார். பிள்ளைகள் பிறந்த பிறகு எல்லாம் மாறிப்போனதையும், அவர்களுக்காகவே வாழ்ந்ததையும் அதே கடிதம் சொல்கிறது. மடத்தின் அளவுகோலால் தன்னை அளந்துகொண்டு ஏங்கிய பெண் ஒருவர், அந்த அளவுகோல் தனக்குப் பொருந்தாது என்று மெல்லக் கண்டுகொள்வதை இங்கே பார்க்கிறோம். நம் அன்பியக் கூட்டங்களில் ‘வீட்டுவேலையில் செபமாலை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை’ என்று குற்றவுணர்வோடு பேசும் பெண்களுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டலாம்.

இனி, மையமான சாட்சியத்துக்கு வருவோம். 1870 ஆகஸ்டில் பிறந்த மகள் மெலனியைப் பாலூட்ட ஊரிலேயே ஒரு செவிலித்தாயிடம் விட்டிருந்தார்கள். அவள் சரியாகக் கவனிக்கவில்லை. குழந்தை பட்டினியில் நலிந்து அக்டோபரில் இறந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஐந்து வயது எலேன் போயிருந்தாள். அதற்கு முன் கைக்குழந்தையாகவே இரண்டு ஆண் பிள்ளைகள். 1873 ஜனவரியில் பிறந்த கடைக்குட்டி தெரேசாவும் இரண்டு மாதத்தில் அதே நிலைக்கு வந்தாள். தாய்ப்பால் கொடுத்தாலொழியப் பிழைக்காது என்றார் மருத்துவர். செலியின் உடம்பில் அதற்குத் தெம்பில்லை. விடிந்ததும் விடியாததுமாக, இரண்டு மணி நேர நடைத்தொலைவில் இருந்த செமாலே கிராமத்துக்கு நடந்தே போய், ரோஸ் தயே என்ற குடியானவப் பெண்ணைக் கையோடு அழைத்துவந்தார். குழந்தையைப் பார்த்த ரோஸ், காலம் கடந்துவிட்டது என்று தலையசைத்தாள். அப்போதுதான் செலி மாடிக்கு ஏறி, புனித சூசையப்பர் சுரூபத்தின்முன் முழந்தாளிட்டார். இறங்கி வந்தபோது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. இதைப் புதுமை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை, இல்லை என்பவரோடு மல்லுக்கு நிற்கவும் மனமில்லை. நான் பார்ப்பது வரிசையை: மருத்துவர், விடியற்கால நடை, செவிலித்தாய், பிறகு முழந்தாள். பிரசங்கச் சித்திரத்தில் முதல் மூன்றும் காணாமல் போய்விடுகின்றன.

கடிதங்களில் தேவ சித்தத்துக்குப் பணியும் வரிகள் ஏராளம் இருக்கின்றனவே, அவற்றை நீ மறைக்கிறாய் என்று ஒருவர் கேட்கலாம். மறைக்கவில்லை. இறந்த குழந்தைகளை முன்வைத்து, ‘இவர்களைப் பெறாமலே இருந்திருக்கலாம்’ என்று ஊரார் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் மோட்சத்தில் இருக்கிறார்கள், அந்த நித்திய வாழ்வுக்கு முன் தன் துயரம் பெரிதல்ல என்று, தானும் ஒரு சிசுவை இழந்திருந்த தம்பி மனைவிக்கு எழுதுகிறார். இது ஒப்புக்குச் சொன்ன ஆறுதல் இல்லை, உயிரோடு நம்பியது. ஆனால் அந்தப் பணிவு எங்கே நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். செய்யக்கூடியதையெல்லாம் செய்து, மண்ணுக்குக் கொடுத்த பிறகு அது வருகிறது. செய்யும் முன்பே வந்தால் அதற்கு வேறு பெயர். குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம் ‘சிலுவையைச் சுமந்துகொள் அம்மா’ என்று சொல்பவர், செலியின் பணிவைக் கடன் வாங்கி, அதற்கு முந்தைய நடையைக் கழித்துவிடுகிறார். அகுஸ்தினார் தம் நூலில், முன்கோபியான கணவனிடம் மோனிக்கம்மாள் பொறுமையாக நடந்துகொண்டதையும், அடிபட்ட மற்ற மனைவிகளுக்கு அவர் சொன்ன அறிவுரையையும் மெச்சி எழுதியிருக்கிறார். நான்காம் நூற்றாண்டு ரோமச் சட்டத்தின்கீழ் வேறு வழியற்ற பெண்களின் தந்திரம் அது. இன்று அதையே ஆன்மீகமாக விற்பது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. செலிக்குச் சொந்த வருமானம் இருந்தது, வீட்டில் வேலைக்காரி இருந்தாள், கணவர் நல்லவர். அவரை நம் வீட்டுப் பெண்களுக்கு எப்படி முன்மாதிரியாக்குவது? முற்றிலும் சரியான கேள்வி. லூயி 1870-இல் தன் கடிகாரக் கடையையே உறவினருக்கு விற்றுவிட்டு, மனைவியின் லேசுத் தொழிலில் கணக்குப் பார்க்கவும் பாரீசுக்குப் போய் வியாபாரம் பேசவும் இறங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், மனைவியின் தொழிலுக்காகத் தன் தொழிலை விட்ட ஆண்! அவரும்தான் பீடத்தில் இருக்கிறார். செலியின் செபத்தைத் தாங்கி நின்ற தூண்களில் பாதி அந்த மனிதர். அன்னையர் கூட்டத்தில் செலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற பங்கு, ஆண்களைக் கூட்டி லூயியைப் பற்றி அரை மணி நேரமாவது பேசியிருக்கிறதா?

என் வாதத்துக்கே சங்கடம் தருவது லியோனியின் கதை. மூன்றாவது மகள், நோஞ்சான், பிடிவாதக்காரி, எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளாத பெண். அவளுக்காகச் செலி மன்றாடாத நாள் இல்லை. சாகக் கிடந்த அக்காவிடம்கூட, மேலே போனதும் மாதாவிடம் முதலில் லியோனியைப் பற்றிச் சொல் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த வீட்டிலேயே, அவர் கண்முன்னே, வேலைக்காரி லியோனியை மிரட்டி அடிமைபோல் வைத்திருந்தாள். 1877-இல் மூத்தவள் மரிதான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். இத்தனை செபம் தாயின் கண்ணைத் திறக்கவில்லையே என்று கேட்டால், திறக்கவில்லைதான். அக்கா இறந்த சில வாரங்களில் உண்மை வெளியானதால், மன்றாட்டு கேட்கப்பட்டது என்று செலி நம்பினார். நான் அந்த அளவு போகமாட்டேன். எனக்கு முக்கியம் அடுத்து நடந்தது. வேலைக்காரி லியோனியை நெருங்கக் கூடாதென்று தடுத்தார், மகளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அதைவிடப் பெரிது, அவர் செபத்தின் திசையே மாறியது.

மார்பில் வீக்கம் இருப்பதை 1865-லேயே தம்பிக்கு எழுதியிருந்தார். 1876 டிசம்பரில் அலென்சோன் மருத்துவர் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை நீட்டியபோது, இதனால் என்ன பயன் என்று நேராகக் கேட்டார். நோயாளியின் திருப்திக்காகத்தான் என்று மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. லிசியேவில் அறுவை மருத்துவரையும் பார்த்தார். முற்றிவிட்டது என்றார் அவர். சாவுக்குத் தயார் என்ற தொனி அந்த மாதக் கடிதங்களில் கேட்கிறது. லியோனியின் விவகாரம் தெரிந்த பிறகு, இந்தப் பிள்ளைக்காகவாவது நான் பிழைக்க வேண்டும் என்று எழுதத் தொடங்குகிறார். ஜூனில் மரி, பவுலின், லியோனி மூவரையும் கூட்டிக்கொண்டு லூர்துக்குப் புறப்பட்டார். வழி நெடுக அவதி. குளிர்ந்த ஊற்று நீரில் திரும்பத் திரும்ப இறங்கினார். குணமாகவில்லை.

மன்றாட்டு தோற்றுவிட்டது என்பவருக்கு நான் சொல்ல வருவது இதுதான்: பணிந்துபோகச் சொல்லிக்கொடுக்கும் செபம் அவரை லூர்துக்கு இழுத்துப் போயிருக்காது. உயிர் கேட்டு வாதாட ஒரு காரணம் கிடைத்ததும், கூச்சமில்லாமல் வாதாடியவர் செலி. 1877 ஆகஸ்ட் 28-இல், 45 வயதில், அவர் இறந்தார். நவம்பரில் லூயி அலென்சோன் வீட்டைக் காலிசெய்துவிட்டு, தாயில்லாப் பெண்கள் ஐவரோடும் மைத்துனர் குடும்பம் இருந்த லிசியேவுக்குக் குடிபெயர்ந்தார். தெரேசாவுக்கு அப்போது நான்கு வயது. லியோனி பலமுறை மடம் புகுந்து, பலமுறை திரும்பிவந்து, கடைசியாக 1899-இல் கான் நகர மடத்தில் நிலைத்தார். 1941-இல் அங்கேயே இறந்தார். அவருடைய புனிதர் பட்ட நடைமுறையும் 2015-இல் தொடங்கியிருக்கிறது.