பெண்களின் ஊட்டச்சத்துக் கல்வியில் காணொளி: ஒடிசாவின் உபவன் ஆய்வு

கைப்பேசிச் செயலி, குரல்வழிச் செய்தி, குறுங்காணொளி போன்றவற்றின் துணையோடு சத்தான உணவைப் பற்றிக் கற்பிப்பதை டிஜிட்டல் ஊட்டச்சத்துக் கல்வி எனலாம். இக்கருவிகள் தகவலைத் தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் பெண்ணின் தட்டில் உள்ள உணவை அவை மாற்றுகின்றனவா? ஒடிசா மாநிலத்தில் நடந்த உபவன் என்னும் ஆய்வு இக்கேள்விக்கு விடை தேடியது.

தேவை

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அதே ஆய்வில், தாமே பயன்படுத்தும் கைப்பேசி தம்மிடம் உண்டு என்று கூறிய பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காட்டினரே. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்.

ஆகவே, செயலியை உருவாக்கிவிட்டால் மட்டும் போதாது. வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி கணவரின் சட்டைப்பையில் இருந்தால், மனைவிக்கு அனுப்பிய செய்தியும் அவரிடமே போய்ச் சேரும்.

உபவன் ஆய்வு

ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில், சிற்றூர்கள் அடங்கிய 148 தொகுப்புகள் இந்த ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை தலா 37 தொகுப்புகள் கொண்ட நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் மூன்று பிரிவுகளில், பெண்கள் குழுக்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை கூடின. உள்ளூரில் எடுக்கப்பட்ட காணொளிகள் அங்கே திரையிடப்பட்டன. இதனால் சொந்தக் கைப்பேசி இல்லாத பெண்ணும் பங்கேற்க முடிந்தது. பின்னர் வீடுகளுக்கும் சென்று பார்த்தனர்.

1. முதற்பிரிவு: வீட்டு உணவுக்கு உதவும் வேளாண்மை பற்றிய காணொளிகள்.
2. இரண்டாம் பிரிவு: வேளாண்மைக் காணொளிகளும் ஊட்டச்சத்துக் காணொளிகளும் மாறி மாறி.
3. மூன்றாம் பிரிவு: வேளாண்மைக் காணொளிகளுடன், ஊட்டச்சத்துச் சிக்கல்களைப் பெண்களே கலந்து பேசித் தீர்வு காணும் கூட்டங்கள்.
4. நான்காம் பிரிவு: ஒப்பீட்டுக்காக, புதிய முயற்சி எதுவும் இல்லாதது.

அளக்கும் முறை

பெண்களின் உணவில் போதிய பன்மை உள்ளதா என்பதை அறிய எளிய அளவுகோல் ஒன்று உண்டு. உணவுகள் பத்துத் தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன: தானியமும் கிழங்கும், பருப்பு வகை, கொட்டையும் விதையும், பால் பொருள்கள், இறைச்சியும் மீனும், முட்டை, அடர்பச்சைக் கீரை, வைட்டமின் ஏ மிகுந்த பிற காய்கனிகள், மற்றக் காய்கள், மற்றப் பழங்கள். முந்தைய ஒரு நாளில் இவற்றுள் ஐந்து தொகுதிகளையாவது உண்டிருக்க வேண்டும்.

சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் தட்டில் இரண்டு பண்டங்கள். கணக்கில் ஒரே தொகுதி. சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, பப்பாளி என்று உண்டால் ஐந்து தொகுதிகள் நிறைவு பெறும்.

முடிவுகள்

ஆய்வின் முடிவுகள் 2021இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியாயின. முதற்பிரிவிலும் மூன்றாம் பிரிவிலும் தாய்மார், குழந்தைகள் ஆகிய இரு சாராரின் உணவிலும் பன்மை கூடியிருந்தது. இரண்டாம் பிரிவில் அத்தகைய தெளிவான முன்னேற்றம் காணப்படவில்லை. தாய்மாரின் உடல் நிறைக் குறியீட்டெண் எந்தப் பிரிவிலும் உயரவில்லை.

இதிலிருந்து அறிவது

"கீரை சாப்பிடுங்கள்" என்று திரையில் சொல்வது எளிது. கீரை வீட்டுத் தோட்டத்தில் விளைந்தால்தான், அல்லது "எல்லோரும் உண்டபின் மிஞ்சியதுதான் எனக்கு" என்னும் வழக்கத்தைப் பெண்கள் கூடிப் பேசி மாற்றினால்தான், அது அவர்கள் தட்டுக்கு வரும். முன்னேற்றம் கண்ட இரு பிரிவுகளும் இதையே உணர்த்துகின்றன எனலாம்.

உடல் எடையில் மாற்றம் இல்லாததும் ஒரு பாடமே. உணவுப் பன்மை ஒரு படி. வருமானம், வேலைப்பளு, நோய்த்தொற்று ஆகியனவும் உடல்நிலையைத் தீர்மானிக்கின்றன.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நேற்று அம்மா உண்டவற்றை எழுதி, பத்தில் எத்தனை தொகுதிகள் என எண்ணுங்கள். பிறகு உங்கள் தட்டையும் எண்ணுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இல்லையெனில், வீட்டில் பேச வேண்டிய செய்தி கிடைத்துவிட்டது.