கண்ணாடியில தெரியுற மரம்... பறவைகளை ஏமாத்தும் ஆபத்து! தடுக்க சில புள்ளிகள் போதும்

பார்க்கிங்ல நிக்குற பைக் மிரரை ஒரு தேன்சிட்டு கொத்திக்கிட்டே இருக்குறதைப் பார்த்திருப்பீங்க. மிரர்ல தெரியுறது தன்னோட பிம்பம்தான்னு அதுக்குத் தெரியாது. 'என் ஏரியாவுக்குள்ள எவன்டா நீ?'ன்னு சண்டைக்கு நிக்கும். பார்க்க காமெடியா இருக்கும். அதுக்கும் பெருசா அடிபடாது.

ஆனா, அதே ஏமாற்றம் ஒரு பெரிய கட்டடத்தோட கண்ணாடிச் சுவர்ல நடந்தா அது காமெடி இல்லை. முழு வேகத்துல பறந்து வர்ற பறவைக்கு அங்கே கண்ணாடி தெரியாது. அதுல பிரதிபலிக்கிற மரமும் வானமும்தான் தெரியும். நேரா போய் மோதும். மோதின பறவைகள்ல நிறைய அங்கேயே இறந்துடும். சுதாரிச்சுப் பறந்து போனதுகூட உள்காயத்தால கொஞ்ச நேரத்துல எங்கேயாவது விழலாம்.

எவ்வளவு பெரிய பிரச்னை இது?

அமெரிக்காவுல 2014-ல வெளியான ஒரு ஆய்வு, அந்த நாட்டுல மட்டும் வருஷத்துக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடி பறவைகள் வரைக்கும் கட்டடங்கள்ல மோதி இறக்குதுன்னு கணக்கு போட்டுச்சு. சிகாகோவுல மெக்கார்மிக் பிளேஸ்னு ஏரிக்கரையில ஒரு கண்காட்சி மையம் இருக்கு. 2023 அக்டோபர் 5 அன்னிக்கு, அந்த ஒரே கட்டடத்தைச் சுத்தி ஏறக்குறைய 1,000 பறவைகள் செத்துக் கிடந்துச்சு. வலசை போற சீசன், ராத்திரி வெளிச்சம், ஏரியை ஒட்டின கண்ணாடிச் சுவர்... மூணும் ஒண்ணா சேர்ந்ததுதான் காரணம்.

'அது அமெரிக்கா பாஸ்'னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ஏரி, வலசைப் பறவை, கண்ணாடிக் கட்டடம்... மூணும் நம்ம திருவள்ளூர் பக்கமும் இருக்கு.

மூங்கில் காட்டு ஊரும் கண்ணாடி ஆபீஸும்

திருவள்ளூர்ல இருந்து திருத்தணி ரோட்டுல போனா, வாசீஸ்வரர் கோயில் இருக்குற திருப்பாச்சூர் வரும். 'பாசு'ன்னா மூங்கில். ஒருகாலத்துல மூங்கில் காடா இருந்ததாலதான் அந்தப் பேர்னு சொல்வாங்க. பக்கத்துலேயே 1944-ல கட்டி முடிச்ச பூண்டி ஏரி. வடகிழக்கே போனா தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி சிப்காட், அதையும் தாண்டினா பழவேற்காடு. ஏரியும் வயலும் தோப்புமா இருக்குற இந்த மண்ணுலதான் தொழிற்பேட்டைகளும் வளர்ந்துக்கிட்டு வருது.

தொழிற்சாலை ஷெட்டு தகரம்தான். அதுல பறவைக்குக் குழப்பம் இல்லை. அதுக்கு முன்னாடி பளபளன்னு நிக்குற ஆபீஸ் கட்டடத்தைக் கவனிங்க. அதுல பெரும்பாலும் வெயிலைத் தடுக்குற பிரதிபலிப்புக் கண்ணாடி. எதிரே புல்வெளி, வரிசையா மரங்கள். பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது, இடத்துல மூணுல ஒரு பங்கு பசுமையா இருக்கணும்னு பொதுவா நிபந்தனை போடுவாங்க. நல்ல விஷயம்தான். ஆனா, மரத்தை வெச்சு பறவையை வரவழைச்சுட்டு, அதே மரத்தைக் கண்ணாடியிலயும் காட்டினா, பறவை எதை நம்பும்? பசுமைக்குப் பக்கத்துல இருக்குற கண்ணாடிதான் ரொம்ப ஆபத்து. அதுவும் மரம் உயரத்துக்குள்ள இருக்குற கீழ்த்தளங்கள்.

அக்டோபர் விருந்தாளி

ஆறுமணிக் குருவியைத் தெரியுமா? காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல கூவுறதால அந்தப் பேர். ஒன்பது நிறம் இருக்குன்னு வட இந்தியாவுல 'நவரங்'னு கூப்பிடுவாங்க. இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் இனப்பெருக்கம் பண்ணிட்டு, குளிர்காலத்துக்குத் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வரும். பயணம் ராத்திரியில. களைச்சுப் போய் ஊருக்குள்ள இறங்கும்போது வெளிச்சத்தால குழம்பி, வீடு, ஆபீஸ்னு கட்டடங்களுக்குள்ள புகுந்துடுறதும் மோதி விழுறதும் உண்டு. சிங்கப்பூர்ல 1998-லிருந்து 2016 வரைக்குமான மோதல் பதிவுகளை அலசினப்பவும், அடிக்கடி மாட்டின பறவைகள்ல இதோட சொந்தக்காரங்களான பிட்டா இனங்கள் இருந்துச்சு.

வலசைப் பறவைகள் மட்டும் இல்லை. மரகதப்புறா, மீன்கொத்தி, கொண்டைக்குருவின்னு தாழ்வா வேகமா பறக்குற உள்ளூர்ப் பறவைகளுக்கும் இதே கதிதான்.

சரி, என்ன பண்ணலாம்?

1. வெளிப்பக்கம் புள்ளி வைங்க. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற ஊருக்கு இது கஷ்டமா என்ன? புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ. இடைவெளி, அதாவது சுமார் மூணு விரல் அகலம். ஒவ்வொரு புள்ளியும் குறைஞ்சது 6 மி.மீ. இருக்கணும். கண்ணாடி முழுக்க வரணும். இடைவெளி பெருசா இருந்தா, 'இதுக்குள்ள நுழைஞ்சு போயிடலாம்'னு பறவை நினைச்சிடும். பைக்குக்கு ஸ்டிக்கர் வெட்டுற கடையிலேயே புள்ளிகளை வெட்டி வாங்கலாம்.

2. உள்பக்கம் ஒட்டினா பலன் குறைவு. பிரதிபலிப்பு நடக்குறது வெளிப்பக்கத்துல. உள்ளே எதை ஒட்டினாலும் அந்த மரமும் வானமும் அதை மறைச்சிடும். பருந்து ஸ்டிக்கர் ஒண்ணே ஒண்ணு ஒட்டிட்டு நிம்மதியா இருக்காதீங்க. பறவை அதைச் சுத்திப் போய்ப் பக்கத்துல மோதும்.

3. கொசுவலை, கயிறு. ஜன்னலுக்கு வெளியே நைலான் கொசுவலை இருந்தா, பிரதிபலிப்பும் குறையும், மோதினாலும் அடி குறையும். வலை தொய்யாம, கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கணும். இல்லைன்னா 10 செ.மீ.க்கு ஒண்ணா கயிறுகளைத் தொங்கவிடலாம்.

4. பஸ் கண்ணாடி டெக்னிக். பஸ் ஜன்னல்ல விளம்பரம் ஒட்டுறாங்களே, பொடிப்பொடி ஓட்டை போட்ட ஷீட்... அது ஆபீஸ் கண்ணாடிக்கும் சரிப்படும். வெளியே இருந்து பார்த்தா சுவர் மாதிரி தெரியும். உள்ளே இருக்கிறவங்களுக்கு வெளியே தெரியும். வெயிலும் குறையும்.

5. தண்ணிக் கிண்ணத்தை நகர்த்துங்க. வெயில் காலத்துல பறவைக்குத் தண்ணி வைக்கிற நல்ல மனசுக்காரங்களே, கிண்ணம் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள்ள இருக்கட்டும். இல்லைன்னா 10 மீட்டருக்கு அப்பால். பக்கத்துல இருந்து கிளம்பினா வேகம் பிடிக்காது, மோதினாலும் தப்பிச்சிடும். நடுத்தர தூரம்தான் ஆபத்து.

6. ராத்திரி லைட்டை அணைங்க. ஆளில்லாத ஆபீஸ் மாடிக்கு லைட் எதுக்கு? நைட் ஷிப்ட் நடக்குற இடத்துல திரையை இழுத்துவிடுங்க. வெளி விளக்குகளைத் தரையைப் பார்த்துத் திருப்புங்க. அக்டோபர், நவம்பர்ல இது ரொம்ப முக்கியம். கரன்ட் பில்லும் குறையும்.

அடிபட்ட பறவை கிடைச்சா?

முதல்ல பூனை, நாய், காக்கா கிட்ட இருந்து காப்பாத்துங்க. காத்துப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில துணி விரிச்சு, மெதுவா உள்ளே வெச்சு மூடுங்க. இருட்டும் அமைதியும்தான் அதுக்கு முதல் மருந்து. வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். சாப்பாடும் வேணாம். செல்ஃபியும் வேணாம். ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு, கண்ணாடி இல்லாத மரத்தடியில பெட்டியைத் திறங்க. பறக்கலைன்னா, ரத்தம் தெரிஞ்சா, இறக்கை தொங்கினா வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்க. 'அழகா இருக்கே, வளர்க்கலாம்'னு மட்டும் நினைக்காதீங்க. நம்ம நாட்டுக் காட்டுப் பறவைகளை வீட்டுல வெச்சிருக்குறது 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பலன் இருக்குமா?

அதே மெக்கார்மிக் பிளேஸ்ல, 2024-ல கண்ணாடி முழுக்கப் புள்ளி போட்ட ஷீட் ஒட்டினாங்க. அந்த வருஷ இலையுதிர்கால வலசையில சாவு 95 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுச்சு. கட்டடம் அதேதான், ஏரியும் அதேதான். கண்ணாடியில புதுசா வந்தது அந்தப் புள்ளிகள். புதுக் கட்டடங்கள்ல பறவைக்குத் தெரியுற மாதிரி கண்ணாடி போடணும்னு நியூயார்க்ல சட்டமே இருக்கு.

உங்க கம்பெனியில புதுசா கட்டடம் வருதுன்னா, டிசைன் பேசுற நேரத்துலேயே இதைச் சொல்லுங்க. புள்ளி அச்சான கண்ணாடியை முதல்லயே போடுறது, பின்னாடி ஷீட் ஒட்டுறதைவிட வேலை கம்மி. ஏற்கெனவே இருக்குற கட்டடம்னா, ஒரு வாரம் காலையில அதைச் சுத்தி ஒரு நடை போங்க. கீழே பறவை கிடந்தா, கண்ணாடியில தூசியா இறக்கைத் தடம் தெரிஞ்சா, தேதியோட போட்டோ எடுத்து வைங்க. எந்தக் கண்ணாடியில ஆரம்பிக்கணும்னு மேனேஜர்கிட்ட காட்ட அதுவே போதும்.