பெயரில்லாக் காதலர்

காதற் கதை என்றதும் படிப்பவர் நெஞ்சில் முதலில் எழுவன இரண்டு பெயர்கள். லைலா என்றால் மஜ்னூன். நிஸாமி என்னும் பாரசீகப் பெரும்புலவர் 1188 ஆம் ஆண்டளவில் அக்கதையைக் காவியமாக்கிய பின்னர், அப்பெயர்கள் கீழ்த்திசை எங்கும் காதலுக்கு மறுபெயராயின. ஆனால் கல்முனைக் கரையில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த ஒரு காதற் கதையில் தலைவனுக்கும் பெயரில்லை, தலைவிக்கும் பெயரில்லை. ஆக்கியோன் இன்னார் என்று சொல்லவும் வழியில்லை. மச்சான் என்றும் மச்சி என்றும் மட்டுமே காதலர் ஒருவரையொருவர் அழைத்துக் கொள்கின்றனர். அது நாவலாக எழுதப்பட்ட கதையன்று. நந்நான்கு அடிகளாகச் சிதறிக் கிடக்கும் நாட்டுக் கவிகளே அக்கதை.

மருதமுனை தொடங்கிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்கள் தமிழூர்களுடன் மாறி மாறித் தொடர்ந்து, தெற்கே பொத்துவில் வரை செல்கின்றன. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இவையெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. கிழக்கே கடல், மேற்கே சம்மாந்துறைக்கு அப்பாலும் விரியும் வயல். குடியிருப்போ கரையோரத்தில். ஆகவே வெள்ளாமைக் காலத்தில் ஆடவர் வீட்டைவிட்டு வெகுதூரம் போய், வட்டையில் வாடி அமைத்துத் தங்குவர். விளையும் பயிரைப் பன்றியும் யானையும் அழித்துவிடாதபடி இரவெல்லாம் பரணில் விழித்திருப்பர். பெண்கள் ஊரிலிருந்து பன்பாய் இழைப்பர். பருவமடைந்த பெண் அயலாடவர் கண்ணிற் படுதல் அக்கால வழக்கமன்று. பேசவும் காணவும் வழியற்ற இந்த இடைவெளியிலேதான் கவி பிறந்தது.

சங்கப் பாடல்களைக் கற்றவர்க்கு இவ்விடத்தில் ஒரு வியப்புத் தோன்றும். குறிஞ்சித் திணையிலே பரண் மீதேறித் தினைப்புனங் காப்பவள் தலைவி. அவளைத் தேடி வருபவன் தலைவன். கிழக்குக் கரையில் அக்காட்சி தலைகீழாக மாறிவிட்டது. இங்கே பரணில் இருப்பவன் தலைவன். தேடிச் செல்ல முடியாதவள் தலைவி. அவளுடைய சொல் மட்டுமே செல்லக்கூடும். பனியிலே நனைகின்றானோ, உண்டானோ, உறங்கினானோ என்று கேட்கும் கவிகள் இத்துணை மிகுந்திருப்பதன் காரணம் இதுவேயாகும். அகத்திணை ஐந்தில் ஒருவர் பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. இலக்கணம் பயிலாத இப்பெண்களும் அந்நெறி வழுவாமலே பாடினர். அவர்கள் அவ்வாறு செய்தது அச்சத்தினால் எனலாம். பெயர் வெளிப்பட்டால் ஊர் பேசும். எனினும், அச்சம் செய்த வேலையை இலக்கணமும் செய்திருப்பது சிந்திக்கத்தக்கது.

மச்சான் என்னும் சொல்லையும் சற்று உன்னிப்பாக நோக்குதல் வேண்டும். இக்கரையோரத் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கு தாய்வழிக் குடி. பிள்ளை தாயின் குடியையே சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. ஆகையால் மாமன் மகனோ மாமி மகனோ பெண்ணுக்கு உரிமையுள்ள மச்சான் ஆகின்றான். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அவ்வீட்டிற் குடிபுகுவான். டெனிஸ் மெக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி இவ்வழக்கங்களை ஆராய்ந்தார். அவருடைய விரிவான நூல் 2008 இல் வெளிவந்தது. இவ்வழக்கை அறிந்தபின் கவிகளைப் படித்தால் அவற்றின் வேதனை வேறாகத் தெரியும். இவள் அழைப்பது அந்நியன் ஒருவனை அன்று. பிறந்த நாள் முதலாகத் தனக்குரியவன் என்று எண்ணப்பட்டவனை அழைக்கின்றாள். அத்தகையவன், பெரிய வீடும் மிகுந்த வயலும் சீதனமாக வரும் வேறிடத்துக்குப் போய்விடுவானோ என்பதே அவள் அச்சம். லைலாவின் காதலுக்குத் தடையாய் நின்றவர் அவளுடைய தந்தை. இவளுக்குத் தடையாகக்கூடியவர் சொந்த மாமியே. அவரைப் பகைத்து ஒரு சொல்லும் கூறவியலாது. ஆகையால் அக்கவிகளில் வசையினும் மனத்தாங்கலே மிகுதி.

கவியின் கட்டமைப்பு எளியது. பெரும்பாலும் முன்னிரண்டு அடிகளில் ஒரு காட்சி வரும்: கதிரோ, கிளியோ, நிலவோ. பின்னிரண்டு அடிகளில் நெஞ்சின் செய்தி வெளிப்படும். நீட்டி இழுத்துப் பாடும் குரலில் அவ்விரு பாதிகளுக்கும் இடையே ஒரு நிறுத்தம் உண்டு. ஏட்டில் அந்நிறுத்தம் தெரிவதில்லை. படிப்பவர் தாமே நிறுத்திப் படித்தல் நன்று. விரைந்து படித்தால் கவி வெறும் செய்தியாகிவிடும்.

பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட "மட்டக்களப்புத் தமிழகம்" இப்பிரதேசத்தின் வாய்மொழிச் செல்வத்தைக் கற்றோர் கவனத்துக்குக் கொணர்ந்த நூல்களுள் ஒன்று. பின்னர் நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் முஸ்லிம் ஊர்களின் கவிகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். அப்பணி காலத்தால் செய்யப்பட்டது என்றே கூறவேண்டும். எருமை கொண்டு சூடு மிதித்த களத்துக்கு உழவு இயந்திரமும், பின்னர் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் அழிந்தன. நெஞ்சையே ஏடாகக் கொண்டிருந்த முதியோர் மறையும்போது அவர்களுடன் மறைந்த கவிகளை யாரும் எண்ணிச் சொல்லவியலாது.

தொகுப்புகளில் ஒரு குறை உண்டு. அதனை நிறைவென்றும் கொள்ளலாம். எந்தக் கவிக்கு எந்தக் கவி மறுமொழி என்பது பெரும்பாலும் தொலைந்துவிட்டது. அடுத்தடுத்து நிற்கும் இரு கவிகள் வெவ்வேறு ஊரின, வெவ்வேறு தலைமுறையின ஆகலாம். எனவே கதையைக் கோப்பது படிப்பவர் கையில் இருக்கின்றது. இரவில் வராதே என்று தலைவி தடுக்கும் கவியை முதன்முறை படிப்பவர், அவள் மனம் மாறிவிட்டாள் என்று கொள்வர். மறுமுறை படிக்கும்போது, நாய் குரைப்பதையும் வாப்பா விழித்திருப்பதையும் கூறும் வேறொரு கவி அதனருகே வந்து நிற்கும். அப்பொழுது தடுத்த அதே சொல் காவலாகிவிடுகின்றது.