விதை வழக்கு தள்ளுபடி ஆனாலும் வழி உண்டு

விதைத்த பயிர் நன்றாக வந்துவிட்டால் விதைப் பையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. முளைப்பு குறைந்தாலோ, கதிரில் மணி பிடிக்காமல் போனாலோதான் பையும் ரசீதும் தேடப்படுகின்றன. எலவனாசூர்கோட்டைப் பகுதி விவசாயி ஒருவர் மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்து, மகசூல் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு தள்ளுபடி ஆகிறது. 'இதோடு போயிற்று' என்று அவர் வீடு திரும்பினால் போனது போனதுதான். ஆனால் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு நாள் கணக்கும் இருக்கிறது.

முதலில், வழக்கு எதனால் தள்ளுபடி ஆயிற்று என்று பார்க்க வேண்டும். உத்தரவின் நகல் கட்டணமின்றிக் கிடைக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு முழுவதும் படித்துக்கொள்வது அவசியம்.

உத்தரவிலேயே கண்ணுக்குத் தெரியும் பிழை இருந்தால், உதாரணமாகத் தாக்கல் செய்த ரசீதை 'இல்லை' என்று எழுதியிருந்தால், அதே மாவட்ட ஆணையத்தில் மறுஆய்வு கேட்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு 30 நாள் தருகிறது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது மறுஆய்வுக்குக் காரணம் ஆகாது.

சாட்சியத்தைத் தவறாக எடைபோட்டார்கள் என்றால் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். இதற்கு உத்தரவு தேதியிலிருந்து 45 நாள். தாமதம் ஆனால் தக்க காரணத்தை எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கோரலாம். ஏற்பதும் மறுப்பதும் ஆணையத்தின் விருப்பம். விவசாயி வாய்தாவுக்கு வராததால் தள்ளுபடி ஆகியிருந்தாலும் மேல்முறையீடே வழி. தம் உத்தரவைத் தாமே ரத்து செய்ய மாவட்ட மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011ல் கூறியிருக்கிறது. வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் இருந்தால் முறை வேறு. வராத காரணத்தைக் காட்டி, 30 நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் வழக்கைத் திரும்ப எடுக்கும்படி மனுச் செய்யலாம்.

'விதைச் சட்டம் இருக்கும்போது நுகர்வோர் வழக்கு எதற்கு, சோதனைக்கு விதை எங்கே' என்பவை கம்பெனிகள் வழக்கமாகக் கேட்பவை. ஆந்திர விவசாயிகள் தொடுத்த வழக்குகளில் தேசிய விதைக் கழகமும் இப்படி வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரி 16ல் அதை ஏற்கவில்லை. விவசாயியும் நுகர்வோரே, வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்டவர் மாதிரியை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது. இந்தக் காரணங்களுக்காகத் தள்ளுபடி ஆனவர்கள் மேல்முறையீட்டில் இத்தீர்ப்பைக் காட்டலாம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2005ல் அரியானா விதை வளர்ச்சிக் கழக வழக்கில் அதே நீதிமன்றம், பயிர் சீராக இல்லை என்பதால் மட்டும் விதையே குற்றம் என்று சொல்ல முடியாது என்றது. மண், நீர், பருவம், பராமரிப்பு என வேறு காரணங்களும் உண்டு அல்லவா? எனவே வேளாண்மை அலுவலரின் வயல் ஆய்வு அறிக்கையில் 'பயிர் மோசம்' என்று இருந்தால் போதாது. எதனால் மோசம் என்பதும், பக்கத்து வயலில் வேறு விதை எப்படி வந்தது என்பதும் இருக்க வேண்டும்.

காலம் கடந்தால் அரசுக்கே கதவு திறப்பது கடினம். போபால் பூச்சிமருந்து ஆலையில் 1984ல் நடந்த விஷவாயு விபத்துக்கு 1989ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அது போதாது என்று மத்திய அரசு 2010ல் தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச் 14ல் தள்ளுபடி செய்தது.

ஆகவே விவசாயிகள் விதைக்கும் நாளிலேயே கீழ்க்கண்டவற்றைச் செய்துகொள்வது நல்லது.

1. குவியல் எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கவும். பையையும் அதிலுள்ள அட்டையையும் அறுவடை வரை பத்திரப்படுத்தவும்.

2. ஒரு பிடி விதையைத் தனியே எடுத்து வைக்கவும். 100 விதையை ஈரச் சாக்கில் முளைக்க வைத்துப் பார்க்கவும். சான்று பெற்ற நெல் விதையில் 80ம், மணிலாவில் 70ம் குறையாமல் முளைக்க வேண்டும்.

3. குறை தெரிந்தவுடன் வேளாண்மை அலுவலருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை பெறவும். அவர்கள் பார்க்கும் வரை பயிரை உழுதுவிட வேண்டாம்.

நுகர்வோர் வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். விதைக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வசதியற்றவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தள்ளுபடி உத்தரவு வந்தால், அதன் தேதியைக் காலண்டரில் குறித்து, 30ஆம் நாளையும் 45ஆம் நாளையும் வட்டமிட்டு வைக்க வேண்டும்.