காற்று நின்றதும் கிளம்பாதீர்கள்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில். வட சென்னை ஆலைகள் பலவற்றில் பகல் ஷிப்ட் இறங்கி அடுத்த ஷிப்ட் ஏறுவதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான். பள்ளி, கல்லூரிகளுக்கு முன்பே விடுமுறை விட்டாயிற்று. தனியார் நிறுவனங்களும் விடுமுறை தரலாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லலாம் என்று அரசு கேட்டுக்கொண்டது. கணினியில் பார்க்கிற வேலைக்கு அது சரி. அனல் மின் நிலையம், உர ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, துறைமுகம் என்று வட சென்னையின் காத்திவாக்கத்தைச் சுற்றி இருப்பவை வேறு மாதிரி. ஒரு கொதிகலனை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது மூட்ட முடியாது. அங்கே ஆள் இருந்தே ஆக வேண்டும். இருந்தவர் வீடு திரும்பியும் ஆக வேண்டும்.

அன்று மின்சார ரயில்களை நிறுத்திவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலை நம்பியிருக்கும் ஊர்களுக்கு மிச்சம் சாலைதான். எண்ணூர் விரைவுச் சாலையை அறிந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட மிச்சம் என்று தெரியும்: ஒரு பக்கம் கல் கொட்டிய கடற்கரை, சாலை நெடுக கன்டெய்னர் லாரிகள்.

கரையைக் கடந்த வேளையில் காற்றின் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். இடையிடையே வீசிய வீச்சு அதற்கும் மேல். இந்த எண்ணை வண்டியின் வேகம்போல நினைத்துக்கொள்வதால்தான் அதன் அபாயம் நமக்குப் பிடிபடுவதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகக் காற்று, எதிரே நிற்கும் ஆளைச் சுமார் 11 கிலோ எடையின் விசையோடு தள்ளுகிறது. குனிந்து நடந்து சமாளிக்கலாம். 120 கிலோமீட்டரில் அதுவே 45 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையின் எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாற்பதடிக் கன்டெய்னரின் பக்கவாட்டில் அதே காற்று இரண்டு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு மோதும். காலிக் கன்டெய்னரின் எடையே நாலு டன்னுக்குள்தான். அந்த லாரியின் மறைவில் பைக்கை ஓட்டிக்கொண்டு போகிறவர், மறைவு தீரும் இடத்தில் முழுக் காற்றையும் ஒரே நொடியில் வாங்குகிறார்.

ஆனாலும் இதைவிடப் பெரிய அபாயம் காற்று வீசாத நேரத்தில் இருக்கிறது என்றே நான் சொல்வேன்.

வலுத்த புயலின் நடுவில் கண் என்று ஒரு பகுதி உண்டு. சுற்றிலும் ஆக மூர்க்கமான காற்று சுவர்போல வளைத்து நிற்க, உள்ளே காற்று அடங்கிக் கிடக்கும், மழை விடும், வானம் கொஞ்சம் வெளுத்தும் காட்டும். வர்தாவின் மையம் கரையேறிய இடம் அட்சரேகை 13.13 டிகிரியை ஒட்டி, அதாவது திருவொற்றியூருக்குச் சற்றுத் தெற்கே. காத்திவாக்கம் அங்கிருந்து வடக்கே பத்து கிலோமீட்டருக்குள். கண் ஓர் ஊரின்மேல் நேராகக் கடந்தால் அமைதி நீண்ட நேரம் இருக்கும். ஓரமாக உரசிக்கொண்டு போனால் சில நிமிடங்களே. எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று தெருவில் நிற்பவரால் கணிக்கவே முடியாது.

காற்று நின்றது, புயல் போய்விட்டது என்று ஆலை கேட்டில் காத்திருந்தவர் வண்டியை எடுக்கிறார். அவர் பாதி வழியில் இருக்கும்போது கண்ணின் மறுகரை வந்து சேர்கிறது. இந்த முறை காற்று எதிர்த்திசையிலிருந்து, அதுவும் படிப்படியாக அல்ல, எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில்.

திசை மாறுவதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. மையம் கடலில் கிழக்கே இருக்கும்வரை கரைக்கு வாடைக் காற்று. மையம் மேற்கே நகர்ந்ததும் தெற்கிலிருந்து. நடுவில் ஊர் மையத்துக்கு வடக்கே அமைந்துவிட்டால் காற்று கிழக்கிலிருந்து, கடல்நீரைக் கரைமேல் ஏற்றிக்கொண்டு வரும். தெற்கே அமைந்தால் மேற்கிலிருந்து அடித்து நீரைக் கடலுக்குள் தள்ளும். துறைமுகங்களில் ஏற்றும் 8, 9, 10-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கின்றன. மூன்றுமே பெரும் அபாயம். புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்குமானால் 8. வலப்பக்கம் விட்டால் 9. நேராக மேலே வந்தால் 10. எண் கூடக்கூட வேகம் கூடும் என்று செய்திகளைக் கேட்டு நாம் எண்ணிக்கொள்கிறோம். வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலுக்கு எண்ணூர் 9-ல் இருந்தால், கடலோரச் சாலையில் போகவே கூடாது என்று பொருள்.

தகரக் கூரை ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டாம் காற்று ஏன் கொடியது என்பது விளங்கும். வாடை அடிக்கும்போது வடக்கு விளிம்பு தூக்கிக் கொடுக்கிறது. ஆணித் துளைகள் ஆட்டத்தில் அகன்று நீள்கின்றன. ஆணி பிடுங்கிக்கொள்ளவில்லை, தலை மட்டும் தளர்ந்து நிற்கிறது. அப்போது காற்று நின்றால் கூரை பார்வைக்கு முழுசாகவே இருக்கும். பிறகு தெற்கிலிருந்து வரும் முதல் வீச்சிலேயே அகன்ற துளைகள் ஆணித் தலையைத் தாண்டி வெளியே வந்துவிடும், தகடு பறக்கும். மரமும் அப்படித்தான். ஒருபக்க வேர் அறுந்து நனைந்த மண்ணில் நிற்கும் வேம்பு, எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளும்போது சாய்கிறது. வர்தாவில் சென்னை இழந்த மரங்கள் ஆயிரக்கணக்கில்.

அப்படியானால் முன்கூட்டியே எல்லாரையும் அனுப்பிவிடலாமா? அதிலும் சிக்கல் இருக்கிறது. 2014 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டாவில் விழுந்தது இரண்டரை அங்குலம் சொச்சம் பனிதான். ஆனால் அலுவலகங்களும் பள்ளிகளும் ஒரே நண்பகலில் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்ல, சாலை அடைத்துக்கொண்டது. உப்புத் தூவும் வண்டிகள்கூட நுழைய முடியவில்லை. ஏராளமானோர் அன்றிரவைக் காரிலும் பள்ளிகளிலும் கழித்தார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் இத்தனை ஆலைகள் ஒரே மணிக்கு ஆள் விட்டால் அதே கதைதான். ஆலைகள் தங்களுக்குள் பேசி, காலையிலேயே, ஒன்றுக்குப் பின் ஒன்றாக விட வேண்டும். நண்பகல் தாண்டிவிட்டால் உள்ளேயே தங்கவைத்து, சாப்பாடு போட்டு, அந்த நேரத்துக்குக் கூலியும் தர வேண்டும். கூலி பிடிப்பார்கள் என்ற பயம் இருக்கும்வரை ஒப்பந்தத் தொழிலாளி காற்று நின்றதும் கிளம்பத்தான் செய்வார்.

கேட்டில் நிற்பவருக்கு உதவக்கூடிய கருவி ஒன்று உண்டு: காற்றழுத்தமானி. இன்று பல கைப்பேசிகளுக்குள்ளேயே அது இருக்கிறது. டிசம்பரில் சென்னையின் வழக்கமான அழுத்தம் சுமார் 1,010 மில்லிபார். வர்தா உச்சத்தில் இருந்தபோது அதன் மையத்தில் 975 அளவுக்கு இறங்கியது. கண்ணுக்குள் காற்று அடங்கினாலும் அழுத்தம் அடிமட்டத்திலேயே கிடக்கும். புயல் உண்மையிலேயே விலகும்போது அது மணிக்கு மணி ஏறும். ஆகவே காற்று நின்று, எண் இன்னும் கீழேயே இருந்தால் வண்டிச் சாவியை எடுக்கக் கூடாது. இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது என்றாலும் பொறுக்க வேண்டும். இரண்டாம் காற்று வருவது அப்போதுதான். அது வந்து, அடித்து, தணிந்து, எண்ணும் ஆயிரத்தைத் தாண்டிய பிறகு, அறுந்த மின்கம்பி கிடக்கிறதா என்று பார்த்துப் பகல் வெளிச்சத்தில் போகலாம்.