நாடகக் கல்வியில் இடமும் வேடமும் காலமும்: கட்டைக்கூத்துக் குருகுலத்தை முன்வைத்துத் திருப்பூர் நோக்கிய ஓர் ஆய்வு

முன்னுரை

நாடகக் கல்வி அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்னும் கருத்து இன்று பெரும்பாலும் சேர்க்கை விதிகளைச் சார்ந்தே பேசப்படுகிறது. பால், சாதி, பொருளாதார நிலை ஆகியவற்றால் விலக்கப்பட்டோர்க்கு இடம் அளித்தல் இன்றியமையாததே. எனினும், இடம் பெற்றவர் எவ்வேடத்தைப் பயில்கிறார், பயிலும் காலம் அவர்தம் வாழ்க்கையோடு பொருந்துகிறதா என்னும் வினாக்களும் அதனோடு சேர்த்தே எழுப்பத்தக்கன. இடம், வேடம், காலம் ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு தமிழ் நாடகப் பயிற்சி மரபின் சில நிலைகளை நோக்கி, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர்க்கான நாடகக் கல்வி எவ்வாறு அமையலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாலர் சபை முதல் நாடகப் பள்ளி வரை

சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் தங்கியிருந்து பாட்டும் வசனமும் பயின்றனர். உணவும் உறைவிடமும் கிடைத்தமையால் வறுமை அங்குத் தடையாகவில்லை. ஆயின் அது சிறுவர்க்கே உரிய அமைப்பு. பெண் பாத்திரங்களையும் அவர்களே ஏற்றனர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ஸ்திரீபார்ட் ஏற்ற சிறுவனின் நிலையும் நிச்சயமற்றதாயிற்று.

பிற்காலத்தில் தடை வேறு வடிவம் கொண்டது. 1959இல் தோன்றிய தேசிய நாடகப் பள்ளி பட்டப்படிப்பையும் முன் மேடை அனுபவத்தையும் தகுதியாக வேண்டியது. 1977இல் அப்பள்ளியின் துணையுடன் காந்திகிராமத்தில் நடைபெற்ற 70 நாள் பயிற்சிப் பட்டறை நவீனத் தமிழ் நாடகத்திற்கு ஆற்றிய பங்கு பெரிது. ஆயினும் 70 நாள் தொடர்ந்து பயிலும் அமைப்பு, கூலியை நம்பி வாழ்வோர்க்கு எளிதில் எட்டக்கூடியதன்று. பாலர் சபை வறியவரை ஏற்றுப் பெண்ணை விலக்கியது. நவீனப் பயிற்சியோ எவரையும் பெயர் சொல்லி விலக்காமல், ஓய்வுக் காலம் இல்லாதவரைத் தானாகவே விலக்கியது எனலாம்.

கட்டைக்கூத்துக் குருகுலம்

இவ்விருவகைத் தடைகளையும் ஒருசேர எதிர்கொண்ட முயற்சியாகக் கட்டைக்கூத்துக் குருகுலம் நோக்கத்தக்கது. பெருங்கட்டூர் பொ. இராஜகோபால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். அவரும் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே தெ புருயினும் இணைந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவாகத் துணைநின்றனர். 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்து அவர்கள் தொடங்கிய குருகுலத்தில் பள்ளிக் கல்வியும் கூத்துப் பயிற்சியும் ஒருங்கே அளிக்கப்பட்டன. கலைக்காகப் படிப்பை இழக்கும் நிலை அடுத்த தலைமுறைக்கு வேண்டா என்பதே இதன் அடிப்படை.

இங்குச் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர் என்பதைவிட, அவர்கள் எதைப் பயின்றனர் என்பது முதன்மையானது. கிரீடம், தோள், மார்பு ஆகிய இடங்களில் மரத்தாலான அணிகலன்களைப் பூண்ட கட்டை வேடங்களே இக்கூத்திற்குப் பெயர் தந்தவை. கர்ணன், துரியோதனன் முதலிய அவ்வேடங்கள் ஆண்களின் உரிமையாகவே கருதப்பட்டு வந்தன. குருகுலத்துப் பெண்கள் பெண் வேடத்தோடு கட்டை வேடத்தையும் பயின்று ஆடினர். சேர்க்கையில் கிடைத்த சமத்துவம் வேடப் பங்கீட்டிலும் தொடர்ந்தது இதன் சிறப்பாகும். குருகுலம் 2020 வரை இயங்கியது. எனினும், விடியவிடிய ஆடும் கலையில் திருமணத்திற்குப் பின்னும் பெண்கள் நிலைத்து நிற்பது அரிதாகவே உள்ளது. பயிற்சிக் காலத்தோடு சமத்துவம் முடிந்துவிடுமாயின் அக்கல்வி பாதியிலேயே நின்றதாகும்.

திருப்பூர்: காலம் என்னும் தடை

கொங்கு வட்டாரத்தில் வள்ளி ஒயில் கும்மி இதற்கு இணையான சான்றாகும். ஆண்களின் ஆட்டமாக இருந்த இதனைப் பெண்களுக்கும் பயிற்றிய கோவை மாவட்டக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மாலை வேளையில் ஊர்ப் பொது இடத்தில் பயின்று அரங்கேற்றம் காணும் முறை உழைப்போர் வாழ்க்கைக்கு ஏற்றது. ஆயினும் அது ஊரையும் உறவையும் சார்ந்து நிற்பதால், பிழைப்புக்காக வந்து லைன் வீடுகளிலும் விடுதிகளிலும் தங்கியிருப்போர் அவ்வட்டத்திற்கு வெளியே நிற்கின்றனர்.

திருப்பூரில் டைலரும் கைமடியும் செக்கிங் பெண்களும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது வழக்கம். அஃதாவது காலையிலிருந்து இரவு வரை ஏறத்தாழ 12 மணி நேரம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு மட்டுமே ஓய்வு. அவ்வோய்விலும் துணி துவைத்தல், சந்தை, சமையல் ஆகியவை பெண்களையே சாரும். விடுதியில் தங்கும் இளம்பெண்களுக்கு வெளியே செல்லும் உரிமையும் வரையறைக்கு உட்பட்டது. இந்நிலையில் முழுநேரப் பட்டயப் படிப்பில் இவர்களுக்கு இட ஒதுக்கீடு அளிப்பினும் அது ஏட்டளவிலேயே நிற்கும்.

ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர்க்கு மொழியும் தடையாகிறது. 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் பன்மொழி மக்களோடு பணியாற்றிய அகுஸ்தோ போவால், வசனத்திலிருந்தன்றி உடலை அறிவதிலிருந்து பயிற்சியைத் தொடங்கினார். நாள்தோறும் ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை செய்யும் தையல் தொழிலாளர்க்கு அத்தொடக்கம் பொருத்தமுடையது. அவர்தம் தொழில் அசைவே முதற்பாடமாகலாம்.

முடிவுரை

இடம், வேடம், காலம் என்னும் மூன்றும் ஒருங்கே அமையும்போதே நாடகக் கல்வி அனைவர்க்கும் உரியதாகிறது. பாலர் சபை இடத்தைப் பாதி அளவே திறந்தது. குருகுலம் இடத்தையும் வேடத்தையும் திறந்தது. காலத்தைத் திறக்கும் பணி எஞ்சியுள்ளது. பல்கலைக்கழக நாடகத் துறைகள் திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் ஞாயிறுதோறும் விடுதி, குடியிருப்பு வளாகங்களுக்கே சென்று நடத்தும் சான்றிதழ்ப் பயிற்சியை உருவாக்குதல் அதற்குரிய முதற்படியாகும். தொழிலாளியைக் கல்விக்கூடத்திற்கு அழைப்பதற்கு முன், அவருக்கு ஓய்வு உள்ள நேரத்தைக் கல்விக்கூடம் அறிந்திருத்தல் வேண்டும்.