மஹரும் மணமகளின் சம்மதமும்

மணம் பேசி முடித்திருந்த முகீரா இப்னு ஷுஃபா என்னும் தோழரை, பெண்ணைப் பார்த்தீரா என்று வினவி, இல்லையென்று அவர் கூறியதும், போய்ப் பார்த்து வாரும், உங்களுக்குள் நேசம் நிலைக்க அதுவே ஏற்றது என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் அவர்கள் அனுப்பி வைத்த வரலாறு ஹதீஸ் நூல்களில் உள்ளது. செல்வம், குலம், அழகு, மார்க்கப் பற்று ஆகிய நான்கையும் உத்தேசித்து ஜனங்கள் பெண் தேடுவதை எடுத்துரைத்து, மார்க்கப் பற்றையே பிரதானமாகக் கொள்ளுமாறு உபதேசித்தவரும் அப்பெருமானாரே.

பெண்ணின் விருப்பத்துக்கும் அதே மதிப்பு உண்டு. தமக்கு இஷ்டமில்லாதவருக்குத் தந்தையார் மணமுடித்து வைத்துவிட்டார் என்று கன்ஸா பின்த் கிதாம் என்ற மாது முறையிட்டபோது, அந்த விவாகத்தை நாயகம் அவர்கள் ரத்து செய்தார்கள். இன்றும் நம் ஊர் நிக்காஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளையும் ஜமாஅத்தாரும் காத்திருக்க, பெண்ணின் பொறுப்பாளரும் சாட்சிகள் இருவரும் உள்ளறைக்குச் சென்று, இன்னாருடைய மகனுக்கு இவ்வளவு மஹருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு, அவள் கையெழுத்தோடு பதிவேட்டைக் கொண்டுவருவதைக் காணலாம். கன்னிப்பெண்ணின் மௌனமும் சம்மதமே என்பது நாணத்துக்குத் தரப்பட்ட சலுகை. வீட்டாருக்கு அஞ்சி வாயடைத்து நிற்பவளின் மௌனத்தை அக்கணக்கில் சேர்ப்பது அநீதி என்பதே என் துணிபு.

மஹரோ மணமகன் மனமுவந்து கொடுக்க வேண்டிய கடமை. அது மனைவியின் சொந்தச் சொத்து. கொடுக்க வேறொன்றும் கைவசமில்லாத அலி அவர்கள் தம் போர்க்கவசத்தையே மஹராக்கி பாத்திமா நாயகியை மணந்தார்கள். பெருமானார் தம் அருமை மகளுக்கு அளித்த சீரோ ஒரு போர்வை, ஒரு தோல் நீர்ப்பை, புல் திணித்த ஒரு தலையணை என்ற அளவில் நின்றது. மஹராகப் பொற்குவியலையே கொடுத்திருந்தாலும், மனைவியை நீக்கி வேறொருத்தியை மணக்க நினைக்கும் கணவன் அதில் எதையும் திரும்பப் பெறலாகாது என்பது திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தின் கட்டளை. தம்பதிகளுக்குள் பிணக்கு முற்றுமாயின், அவன் உறவில் ஒருவரும் அவள் உறவில் ஒருவருமாக மத்தியஸ்தர் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பதும் அதே அத்தியாயத்தில் வருகிறது. பூசலை வளர்க்கும் சுற்றத்தார் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இத்தனை தெளிவான வழி இருக்க, பேருக்கு ஒரு மஹரை எழுதி வைத்துவிட்டுப் பெண் வீட்டாரிடம் கைக்கூலி பெறும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களிடையே புகுந்து, ஏழைத் தகப்பன்மாரைக் கடனில் ஆழ்த்தியிருக்கிறது. கைக்கூலி வாங்கும் கல்யாணத்துக்கு நிக்காஹ் தப்தர் (பதிவேடு) தருவதில்லை என்று துணிந்து தீர்மானித்த ஜமாஅத்துகளும் உண்டு. உங்கள் மஹல்லாவிலும் அத்தகைய தீர்மானம் நிறைவேற, பிள்ளையைப் பெற்றவர்களே முதலில் எழுந்து பேசுங்கள்.